விளையாட்டில் சேர மகனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வணக்கம் அக்கா, அண்ணன்மார்களே. நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்பூட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்கு 7 வயது, ஆட்டிசம். ஓகேயூ கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்துவிட்டோம்.

சாயங்காலம் கோயில் திடலில் பிள்ளைகள் பந்து விளையாடும்போது, செருப்பைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்று பார்ப்பான். ஆசை இருக்கிறது, கேட்கத்தான் தெரியவில்லை. நேற்று பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். பிள்ளைகள் கத்தியதும் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். எனக்கு மனசு தாங்கவில்லை.

ஓர் இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று சின்னக் கதையாகச் சொல்லிக்கொடுக்கும், கேரல் கிரே உருவாக்கிய சமூகக் கதை முறையில், அவன் படத்தை ஒட்டி "நானும் வரட்டுமா?" என்று நாலு பக்கம் எழுதித் தினமும் படிக்கிறோம். வீட்டில் அக்காவிடம் அழகாகக் கேட்கிறான். திடலுக்குப் போனால் வாய் வரவில்லை.

வீட்டில் பழகியதை வெளியில் செய்ய வைத்தவர்கள் எப்படிச் செய்தீர்கள்? முதலில் ஒரே ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடலாமா? அப்புறம், ஈப்போ வட்டாரத்தில் தமிழ் பேசும் பேச்சுப் பயிற்சியாளர் இருந்தால் சொல்லுங்கள்.