புதுப்பிப்பு: உறக்கப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது

எட்டு மணி நேரம் உறங்கியும் பகலில் கண் சொக்குகிறதே, தூக்க மாத்திரை எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தலையிலும் தாடையிலும் மின்முனைகள் ஒட்டி இரவு முழுவதும் பதிவு செய்ததில், மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 34 முறை தடைபட்டிருந்தது. இதற்கு உறக்க மூச்சுத்தடை (sleep apnea) என்று பெயர்; மணிக்கு 30-ஐத் தொட்டாலே அது தீவிர நிலை. கனவுகள் மிகுந்த ரெம் (REM) உறக்கக் கட்டத்தில் தசைகள் தளர்ந்து தொண்டை எளிதில் அடைபடுவதால், அக்கட்டம் நீளும் பின்னிரவில்தான் தடைகள் அதிகம் என்பதை மருத்துவர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். மூன்று வாரமாக தொண்டை அடைபடாதபடி காற்றை அழுத்தத்துடன் செலுத்தும் சிபாப் (CPAP) கருவியின் முகமூடியுடன் உறங்குகிறேன். முதல் நான்கு இரவுகள் மூக்கு வறண்டு தொல்லை கொடுத்தது. கருவியில் ஈரப்பதத்தைக் கூட்டியதும் தணிந்தது. காலைத் தலைவலி இப்போது இல்லை. குறட்டையும் பகல் சோர்வும் சேர்ந்திருப்பவர்கள் தயவுசெய்து முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சில தூக்க மாத்திரைகள் மூச்சுத் தடையை மோசமாக்கக்கூடும்.