பழைய தெய்வம் சாத்தானின் கூட்டத்தில் சேர்க்கப்படுதல்: ‘அலகையாக்கம்’ என்ற சொல் பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஒரு மக்களின் தெய்வத்தை இன்னொரு சமயம் தீய ஆவியாகத் தாழ்த்துவதைக் குறிக்க இக்குழுவில் கலைச்சொற்களாக முன்வைக்கப்பட்ட ‘பேயாக்கம்’, ‘அசுரமயமாக்கல்’ ஆகிய இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. பேய் என்றதும் இறந்தவரின் ஆவிதான் நம் மக்களின் நினைவுக்கு வரும். அசுரமயமாக்கல் அதைவிடச் சிக்கலானது. ஏனெனில் பாரசீகச் சொராஸ்திரியரின் மறைநூலான அவெஸ்தாவில் ‘அசுர’ என்பதன் இணைச்சொல்லான ‘அகுர’ முழுமுதற் கடவுளின் பெயரில் நிற்க, ‘தேவ’ என்பதன் இணைச்சொல்லான ‘தயேவ’தான் தீய சக்திகளைக் குறிக்கிறது.

ஆகவே ‘அலகையாக்கம்’ என்பதை முன்மொழிகிறேன். ‘வையத்து அலகையா வைக்கப் படும்’ என்ற குறளுக்கு (850) உரைகாரர்கள் பேய் என்றே பொருள் கூறினாலும், அச்சொல் இன்று பேச்சு வழக்கில் இல்லை. 1995இல் வெளிவந்த திருவிவிலியம், பழைய மொழிபெயர்ப்பில் ‘பிசாசு’ என்றிருந்த இடங்களில் இதை ஆள்வதால் கிறித்தவச் சூழலுக்கு இது நன்கு பழகிய சொல்லாகவும் இருக்கிறது.

இவ்வாறு ஒரு தெய்வம் தாழ்த்தப்பட்டதற்குத் தெளிவான சான்று பெயல்செபூல். விவிலியத்தின் அரசர்கள் இரண்டாம் நூலில், மாடியிலிருந்து விழுந்து காயமுற்ற இஸ்ரயேல் அரசன் அகசியா, தான் பிழைப்பேனா என்று எக்ரோன் நகரத் தெய்வமான பாகால் செபூபிடம் குறிகேட்க ஆளனுப்புகிறான். ‘செபூப்’ என்றால் ஈ. சிரியாவின் பண்டைய நகரமான உகாரித்தில் கிடைத்த களிமண் பலகைகளில் பாகாலுக்கு ‘இளவரசன்’ என்ற பொருளில் வழங்கும் ‘செபூல்’ என்ற பட்டத்தை எபிரேயர் இகழ்ச்சியாகத் திரித்திருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். நற்செய்தி நூல்களிலோ அவன் பெயல்செபூல் என்ற பெயரில் பேய்களின் தலைவன். ஒருகாலத்தில் உயிர்பிழைக்க வழிகேட்டு நாடப்பட்ட ஒரு தெய்வத்துக்கு நேர்ந்த இந்த இழிவை, வெறும் ‘மாற்றம்’ என்று எழுதுவது போதாது.

திருப்பாடல் 96இல் பிற இனத்தாரின் தெய்வங்களை எபிரேய மூலம் ‘ஒன்றுமில்லாதவை’ என்ற பொருளில் சாட, கிரேக்க மொழிபெயர்ப்பு அவற்றை ‘தைமோனியா’, அதாவது தீய ஆவிகள், ஆக்கிவிட்டது. இல்லாத பொருளாக இகழப்பட்டது இப்போது உண்மையில் இருக்கும் பகையாகிறது. பிற்காலத்தில் ஜெர்மானிய இனத்தவரான சாக்சானியர் (Saxons) திருமுழுக்குப் பெறும்போது சொல்ல வேண்டியிருந்த உறுதிமொழியில், தூனர், வோடன், சாக்ஸ்னோட் ஆகிய தம் தெய்வங்களையும் அவற்றின் கூட்டாளிகளான தீய ஆவிகளையும் பெயர் சொல்லியே கைவிட்டனர்.

ஆனால் சாத்தான் என்ற உருவையே இச்சொல்லால் விளக்க முடியாது. யோபு நூலில் ‘சாத்தான்’ என்பது கடவுளின் அவையில் குற்றஞ்சாட்டும் பணியின் பெயர். எபிரேயத்தில் அங்கே, ஆட்பெயருடன் வராத சுட்டிடைச்சொல்லும் (ஆங்கில ‘the’ போன்றது) சேர்ந்தே வருகிறது. தாவீதை மக்கள்தொகை கணக்கெடுக்கத் தூண்டியது ஆண்டவரின் சினம் என்கிறது சாமுவேலின் இரண்டாம் நூல். அதே நிகழ்வைப் பின்னர் எழுதிய குறிப்பேடு, தூண்டியவன் சாத்தான் என்கிறது. பணி இங்கே ஆளாகிறது; எந்தத் தெய்வமும் தாழ்த்தப்படவில்லை. இதற்கு ‘ஆளுருவாக்கம்’ என்ற தனிச்சொல் வேண்டும்.

‘அலகையாக்கம்’ என்ற சொல்லுக்கான பதிவில் எடுத்துக்காட்டாக எக்ரோனையும் சாக்சானிய உறுதிமொழியையும் தரலாம். ஆட்டுக்கால் கொண்ட கிரேக்கரின் பான் தெய்வத்தைத் தவிர்ப்பது நல்லது. கொம்பும் குளம்பும் உள்ள சாத்தான் உருவம் கிறித்தவக் கலையில் இடைக்காலத்தில்தான் பரவலாகிறது என்பதால், அத்தொடர்பை உறுதியாகக் கூற இயலாது.