'காற்றுவேகம்' வேண்டாம், 'காற்றுசார் வேகம்' என்போம்

வணக்கம். விமானத்தின் வேகம் காட்டும் கருவி தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்கு நான் வைத்த தமிழ்ச் சொற்களைப் பற்றி வந்த கருத்துக்கு என் பதில் இது.

> ஏர்ஸ்பீடு என்பதற்குக் 'காற்றுவேகம்' போதுமே. எளிமையாகவும் இருக்கிறது.

எளிமைதான். ஆனால் 'காற்றுவேகம் 40 நாட்' (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) என்று படிக்கிறவர் அதை வானிலைச் செய்தியாகத்தான் எடுத்துக்கொள்வார். 40 நாட் எதிர்காற்றில் பழைய சிறு விமானம் ஒன்று தரையைப் பொறுத்தவரை நகராமலே நிற்கலாம். அப்போதும் கருவியின் முள் 40-ஐத்தான் காட்டும். காற்றைச் சார்ந்து அளக்கும் வேகம் என்பதால் 'காற்றுசார் வேகம்' என்கிறேன். கருவி, காற்றுசார் வேகமானி.

எதிரே வரும் காற்றின் அழுத்தத்தை வாங்கிக் கருவிக்குத் தரும் 'பிட்டோ குழாய்' அப்படியே இருக்கட்டும். 1732-இல் பிரான்சின் சேன் ஆற்றின் ஓட்டத்தை அளந்த பொறியாளர் ஆன்ரி பிட்டோவின் பெயர் அது. ஓம், வோல்ட் எல்லாம் நம்மிடம் பெயராகவே புழங்குகின்றனவே.

ஸ்டாட்டிக் அழுத்தத்தை, அதாவது விமானத்தைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை, 'நிலையழுத்தம்' என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மாறாத அழுத்தம் என்று அது பொருள்பட்டுவிடுகிறது. உண்மையில் உயரம் கூடக் கூட அது குறைகிறது. பழுது பார்க்கும் குறிப்பொன்றை மொழிபெயர்த்தபோது இந்தச் சொல் என்னை மிகவும் படுத்தியது. கருவிக்குள் மெல்லிய உலோகச் சிமிழ் ஒன்று உண்டு. சிமிழுக்குள் பிட்டோ அழுத்தம், சிமிழைச் சுற்றி வெளிக்காற்றின் அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே முள்ளை நகர்த்துகிறது. கடல் மட்டத்தில் 100 நாட் வேகத்துக்கு அந்த வேறுபாடு சுமார் 165 மி.மீ. உயர நீரின் அழுத்தம்தான். இறுகி வெடித்த பழைய ரப்பர் குழாயின் மயிரிழைக் கசிவுகூட அளவைக் கெடுத்துவிடும்.

ஆகவே அதற்குச் 'சூழழுத்தம்', அதை உள்ளே வாங்க விமானத்தின் உடலில் இருக்கும் துளைக்குச் 'சூழழுத்தத் துளை' என்று வைத்துப் பாருங்கள். 'சூழழுத்தத் துளை அடைபட்டால், அடைபட்ட உயரத்தின் அழுத்தமே உள்ளே தங்கிவிடும். அதற்கு மேலே ஏறினால் வேகம் குறைவாகவும், கீழே இறங்கினால் கூடுதலாகவும் காட்டும்.' காரணம் சொல்லிலேயே தெரிகிறது. 'நிலையழுத்தம்' போட்டு இதே வரியைப் படித்தால் குழப்பமே மிஞ்சும்.

---

> ஆன்ரி பிட்டோவின் பெயர் அது.

ஐயா, பிட்டோவிலும் 'காற்றுசார் வேக'த்திலும் எனக்கு மறுப்பில்லை. 'சூழழுத்தத் துளை'யில் ஒரு சிக்கல். பழைய விமானங்கள் சிலவற்றில் வெளிப்புறத் துளையே கிடையாது. கருவியின் பின்வாய் விமானி அறைக்குள் திறந்தபடி இருக்கும். சன்னலைத் திறந்தால் அறையின் அழுத்தம் மாறி முள்ளும் அசையும். துளையே இல்லாத விமானத்தில் துளையைத் தேடச் சொல்வதா?

---

நல்ல கேள்வி, நான் யோசிக்காதது. இப்படிப் பிரிக்கலாமா: உடற்பகுதியில் இருப்பது 'சூழழுத்தத் துளை', கருவியில் இருப்பது 'சூழழுத்த வாய்'. வாய் எல்லா விமானத்திலும் உண்டு, துளை மட்டும் சிலவற்றில் இருக்காது.

இன்னும் ஒன்று பாக்கி. பிட்டோ குழாயில் மழைநீர் வடியும் சிறு துளையை 'வடிதுளை' என்று எழுதியிருக்கிறேன். இதற்குத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும். முன்வாயைக் குளவிக்கூடு அடைத்து வடிதுளை திறந்திருந்தால் முள் சுழிக்கு இறங்கிவிடும், பழுது உடனே தெரியும். இரண்டும் அடைபட்டால்தான் ஆபத்து. உள்ளே அழுத்தம் சிறைப்பட்டு, மேலே ஏற ஏற வேகம் கூடுவதாக முள் காட்டும். அதை நம்பி விமானத்தின் மூக்கைத் தூக்குகிற விமானி, இருக்கிற வேகத்தையும் இழப்பார்.

குழாயை ஊதிச் சுத்தம் செய்யும் முன் கருவியைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிமிழ் கெட்டுவிடும் என்ற எச்சரிக்கையையும் அதே பத்தியில் சேர்க்கிறேன். 'வடிதுளை'யைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.