இங்கிலாந்தில் விபத்து நட்டஈடு: பாரிஸ்டர் வருமுன் நாம் செய்ய வேண்டியவை

இங்கிலாந்துக்கோ வேல்சுக்கோ புதிதாக வந்து, வேலையிடத்திலோ வீதியிலோ காயப்பட்டவர்கள் பலரும் முதலில் கேட்பது நல்ல பாரிஸ்டர் (நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்) யார் என்பதைத்தான். ஆனால் முதலில் தேட வேண்டியவர் சொலிசிட்டர், அதாவது வழக்கைத் தயார்செய்து நடத்தும் வழக்கறிஞர். ஆதாரங்களைத் திரட்டுவதும், மருத்துவ நிபுணரின் அறிக்கையைப் பெறுவதும், எதிர்த்தரப்புக் காப்புறுதி நிறுவனத்துடன் பேசுவதும் அவருடைய வேலை. தவறு யாருடையது, எவ்வளவு கேட்கலாம் என்று எழுத்தில் கருத்துரைக்கவும், விசாரணையில் வாதாடவும் தேவைப்படும்போது அவரே பாரிஸ்டரை அமர்த்துவார். பொதுமக்கள் பாரிஸ்டரை நேரடியாக அணுகவும் வழி உண்டு. எனினும் வழக்கை அன்றாடம் நடத்தும் அனுமதி பெரும்பாலான பாரிஸ்டர்களுக்கு இல்லாததால் அந்தச் சுமை உங்கள் தலையில் விழும். புதிதாக வந்தவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் நடைமுறை வேறு.

பொதுவாக, காயம் ஏற்பட்ட நாளிலிருந்தோ, அது பிறர் தவறால் வந்தது என்று தெரிந்த நாளிலிருந்தோ 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தக் காலம் 18 வயதில்தான் தொடங்கும். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பது மட்டும் உங்கள் உரிமைக்குத் தடையாகாது.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் வென்றால் மட்டுமே கட்டணம் என்ற ஒப்பந்தத்தில் நடக்கின்றன. 2013 ஏப்ரலுக்குப் பிறகு, வெற்றிக்கான கூடுதல் கட்டணம் உங்கள் நட்டஈட்டிலிருந்தே கழிக்கப்படுகிறது. முதல் நிலை நீதிமன்றத்தில், வலிக்கும் வேதனைக்கும் கடந்தகால இழப்புக்கும் கிடைக்கும் தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் அது போகக் கூடாது. எதிர்கால இழப்புக்கான தொகையில் கை வைக்க முடியாது. பாரிஸ்டரின் கூடுதல் கட்டணமும் இந்த வரம்புக்குள் அடங்குகிறதா, தோற்றால் வழக்குச் செலவுக்காக எடுத்த காப்புறுதியின் கட்டணத்தை யார் செலுத்துவது என்பவற்றைக் கையெழுத்திடுமுன் எழுத்தில் கேளுங்கள். விபத்து நடந்த சில நாட்களில் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைத்து நட்டஈடு வாங்கித் தருகிறோம் என்பவர்களுடன் பேச்சையே தொடராதீர்கள்.

பாரிஸ்டர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், கோப்பில் இருப்பதை வைத்துத்தான் வாதாட முடியும். அதனால் விபத்து நடந்த அன்றே வேலையிடத்தின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். வலி சிறிதென்று பொறுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சென்று, எப்படி விழுந்தீர்கள் என்பதையும் சொல்லிப் பதிய வையுங்கள். கண்காணிப்புக் கமராப் பதிவுகள் விரைவில் அழிந்துவிடக்கூடும். உடனே எழுத்தில் கேளுங்கள். நம் குடும்பங்களில் பலரும் விட்டுவிடும் ஒன்று உண்டு: காயப்பட்டவரைக் குளிப்பாட்டி, சமைத்துக் கொடுத்து, மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்ற மனைவியோ அம்மாவோ செலவிட்ட நேரத்துக்கும், அவர் சம்பளம் வாங்காவிட்டாலும், நட்டஈடு கோரலாம். யார், எந்த நாளில், எத்தனை மணி நேரம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.

வாக்குமூலம் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. சரளமாக ஆங்கிலம் பேசாதவர்கள், பிறர் எழுதிய ஆங்கில வாக்குமூலத்தில் புரியாமலே கையெழுத்திடுகிறார்கள். பிறகு குறுக்கு விசாரணையில் அதிலுள்ள சொற்களே அவர்களுக்கு எதிராகத் திரும்புகின்றன. வாக்குமூலம் இயன்றவரை சாட்சியின் சொந்தச் சொற்களிலும், எப்படியும் அவருடைய சொந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்பதுதான் நீதிமன்ற விதி. தமிழில் எழுதிக் கையெழுத்திடலாம். அதனுடன் மொழிபெயர்ப்பும் தாக்கல் செய்யப்படும். இதைத் தயங்காமல் கேளுங்கள்.

பாரிஸ்டருடனான ஆலோசனைக்குப் போகும்போது பழைய முதுகுவலியையும் முந்தைய விபத்தையும் மறைக்காதீர்கள். உங்கள் மருத்துவப் பதிவுகளை எதிர்த்தரப்பும் படிக்கும். வழக்கின் அடிப்படையான விஷயத்தில் நேர்மையின்மை நிரூபணமானால், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உண்மையான காயத்துக்கான கோரிக்கையும் சேர்த்தே தள்ளுபடியாகக்கூடும். எதிர்த்தரப்பின் வழக்குச் செலவும் உங்கள் மேல் வரலாம். எதிர்த்தரப்பு முறைப்படி ஒரு தொகையை முன்வைத்தால், அதை மறுப்பதன் விளைவைப் பாரிஸ்டரிடமே கேட்டறியுங்கள். மறுத்துவிட்டு, விசாரணையில் அதைவிடக் குறைவாகப் பெற்றால் வழக்குச் செலவின் சுமை நட்டஈட்டையே கரைத்துவிடக்கூடும். இந்தச் சந்திப்புக்கு உறவினரை அழைத்துச் செல்வதைவிட, தகுதி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும்படி சொலிசிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.