அப்டேட்: மேகம் மூடின நாள்ல வர்ற அந்த மந்தம்

வெயிலே எட்டிப் பாக்காத இந்தக் குளிர்ல ஏன் இவ்ளோ சோர்வா இருக்குன்னு காலைல கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட். நிறைய பேர் வெளில போய் நடங்கன்னு சொன்னீங்க, மூக்கு நுனி சிவந்து விறைக்கிற வரைக்கும் நடந்துட்டு வந்தேன், நெஜமாவே தலை தெளிஞ்ச மாதிரி இருக்கு. வானம் மூடிக் கிடந்தாலும் பகல்ல வெளில பெரும்பாலும் 1000 லக்ஸுக்கு (வெளிச்சத்த அளக்குற அலகு) மேல வெளிச்சம் இருக்கும், வீட்டு லைட்டு சில நூறு தாண்டுறதே கஷ்டம், கண்ணு பழகிடுறதால நமக்கு அந்த வித்தியாசம் உறைக்கறதில்ல. காலை வெளிச்சம் பட்டா மெலடோனின்ங்கற தூக்க ஹார்மோன் அடங்கி உடம்பு நல்லா முழிச்சுக்கும். நாற்காலிய ஜன்னலோரம் இழுத்துப் போட்டாச்சு. வாரக்கணக்கா எதுலயுமே மனசு ஒட்டலன்னு எழுதினவங்க மட்டும் ப்ளீஸ் டாக்டரப் பாருங்க, அது சோம்பேறித்தனம் இல்லவே இல்ல, பருவகால மனச்சோர்வா இருக்கலாம், அதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு.