பி1 பிரிலிமினரி: சோடியாகக் கதைச்சுப் பழக ஆள் வேணும்

வணக்கம் உறவுகளே. கேம்பிரிட்ஜ் பி1 பிரிலிமினரி என்ற ஆங்கிலச் சோதினைக்குப் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளையள் சிலருக்கு உதவி தேவை. றீடிங் 45 நிமிசம், 32 கேள்வி. லிசினிங்கில் எல்லாம் இரண்டு தரம் போடுவினம். இவை தனியப் பழகினாலே வரும். இடறுறது மற்ற இரண்டிலும்தான்.

றைற்றிங்கில் முதல் கேள்வி ஈமெயில், கிட்டத்தட்ட 100 சொல். கேள்வியில் நாலு குறிப்பு இருக்கும். ஒன்றை விட்டாலும், ஆங்கிலம் எவ்வளவு நல்லா இருந்தாலும், உள்ளடக்கப் புள்ளி குறையும். பாடமாக்கின வசனங்களால் நிரப்புற பிள்ளையள் இங்கைதான் பிழைவிடுகினம். தமிழில் ‘அதைப் பற்றி’ என்று வாறதால் ‘டிஸ்கஸ்’ என்று மட்டும் எழுதவேண்டிய இடத்தில் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதுறதும் விடாமல் வருது. கிழமைக்கு ஒரு ஈமெயில் திருத்தித் தர ஆராவது முன்வருவியளோ?

ஸ்பீக்கிங் சோடியாகத்தான், நாலு பகுதி. மூன்றாவதில் படங்களைப் பார்த்து இரண்டு பேரும் மாறி மாறிக் கதைக்கவேணும். ஒராள் மட்டும் கதைச்சுக்கொண்டு போனால் புள்ளி போகும். இதைத் தனியப் பழக வழியில்லை. திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் ஞாயிறு பின்னேரம் வரக்கூடிய ஆக்கள் கீழே எழுதுங்கோ.

மாதிரி வினாத்தாள் இருந்தாலும் தாங்கோ. 2020இல் அமைப்பு மாறினது, அதுக்கு முந்தினவை வேண்டாம்.