அப்கிரேட் எல்லாவற்றையும் ஹோல்டில் போட்டுவிடலாமா? (உபுண்டு 22.04)

கல்லாப்பெட்டி: கிளவுடில் எடுத்த உபுண்டு 22.04 (லினக்ஸ்) சர்வரில் எங்கள் கடையின் பில்லிங் ஓடுகிறது. நேற்று 11.50க்கு, கவுண்டரில் ஆட்கள் நிற்கும்போது பில்களைச் சேமிக்கும் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் நின்று மறுபடி எழுந்தது. பாதியில் இருந்த பில்களைத் திரும்ப அடிக்க வேண்டியதாகிவிட்டது. லாக்கைப் பார்த்தால், அப்டேட்களைத் தானாகவே ஏற்றும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸின் வேலை. இனி எல்லா பேக்கேஜையும் ஹோல்டில் போட்டு, அப்கிரேட் ஆகாமல் நிறுத்திவிட்டால் நிம்மதிதானே?

இரவு_ஷிஃப்ட்: தாராளமாகப் போடுங்கள். டேட்டாபேஸ் எப்போது நிற்க வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரே ஒரு கோளாறான ஃபைலால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. சோதிக்காமல் எதையும் உள்ளே விடக்கூடாது.

பேட்ச்_பிரியை: எல்லாவற்றையும் ஹோல்டில் போடுவது கதவைத் திறந்து வைப்பது மாதிரி. கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் வந்தது 2017 மே மாதம். அது நுழைந்த ஓட்டைக்கான பேட்ச் (திருத்தம்) மார்ச்சிலேயே வந்துவிட்டது. அப்புறம் பார்க்கலாம் என்று விட்ட கணினிகள்தான் மாட்டின. தவிர, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனும், உபுண்டுவும் பெரும்பாலும் பழைய பதிப்பை வைத்துக்கொண்டே ஓட்டையை மட்டும் அடைக்கின்றன. 2014ல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டையை அடைக்க, இணையத் தொடர்பைக் குறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.0.1ஜி பதிப்பு வெளியானது. டெபியனின் வீசி பதிப்பில் 1.0.1இ அப்படியே இருக்க, திருத்தம் மட்டும் உள்ளே போனது. இதற்குப் பயப்பட என்ன இருக்கிறது?

இரவு_ஷிஃப்ட்: ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். மைஎஸ்கியூஎல் கதை வேறு. அதற்கு ஓட்டை வாரியாகத் தனித் திருத்தம் கிடைப்பதில்லை. அதனால் செக்யூரிட்டி வழியாகவே 8.0ன் அடுத்த பதிப்பு முழுசாக வந்து இறங்குகிறது. ஒரு குவெரியை டேட்டாபேஸ் ஓட்டும் விதம் (பிளான்) மாறினாலும் கவுண்டரில் வரிசை நீளும்.

பேட்ச்_பிரியை: கல்லாப்பெட்டி, உங்கள் சர்வரின் நேரம் யுடிசியா (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்)?

கல்லாப்பெட்டி: ஆமாம், வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை.

பேட்ச்_பிரியை: அப்படியானால் பிரச்சினை அங்கேதான். தினமும் அப்கிரேடைத் தொடங்கும் ஆப்ட்-டெய்லி-அப்கிரேட் டைமருக்குக் காலை 6 மணி. அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு கணத்தில் ஓடும். யுடிசி 6 என்றால் நமக்கு 11.30. டைமரை மாற்றும் சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளையைக் கொடுத்து, கடை மூடிய பிறகு ஒரு நேரத்தைப் போடுங்கள். ஆனால் முதலில், பழைய நேரத்தை அழிக்க, ‘ஆன்கேலண்டர்=’ என்று மதிப்பில்லாத ஒரு வெற்று வரி வேண்டும். இல்லாவிட்டால் பழைய நேரத்திலும் ஓடும், புது நேரத்திலும் ஓடும்.

இரவு_ஷிஃப்ட்: ராத்திரி உடைந்தால் விடிந்து ஷட்டரைத் தூக்கும்போதுதான் தெரியும். மைஎஸ்கியூஎல்லை மட்டுமாவது ஹோல்டில் வையுங்கள். மைஎஸ்கியூஎல்லைத் தயாரிக்கும் ஆரக்கிளின் திருத்தங்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று சொல்லி வைத்து வருகின்றன. உபுண்டுவில் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கப் எடுத்து, வேறு கணினியில் ஓட்டிப் பார்த்து, அன்ஹோல்ட் செய்து ஏற்றுங்கள்.

பேட்ச்_பிரியை: அந்த ஞாயிறு வர வேண்டுமே! ஒரு சர்வரைப் பொறுப்பேற்ற அன்று ஹோல்டில் இருப்பவற்றைக் காட்டும் ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் கட்டளையை அடித்தேன். 14 பெயர்கள், அதில் வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வரும் ஒன்று. யார் போட்டது, எதற்காக என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஹோல்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது, காரணம் எழுதி வைக்க இடமும் கிடையாது. எனக்கு அதுதான் பயம்.

கல்லாப்பெட்டி: டைமரை இரவு 11.30க்கு மாற்றிவிட்டேன், வெற்று வரியோடு. மைஎஸ்கியூஎல்-சர்வரை ஹோல்டில் போட்டுவிட்டு, தேதியையும் காரணத்தையும் கடையின் நோட்டில் எழுதியிருக்கிறேன். மற்றவை தானாகவே வரட்டும்.

இரவு_ஷிஃப்ட்: பொறுங்கள், மைஎஸ்கியூஎல்-சர்வர் வெறும் கூடு. சர்வர் வருவது மைஎஸ்கியூஎல்-சர்வர்-8.0 என்ற பேக்கேஜ் வழியாக. அதையும் ஹோல்ட் செய்யாவிட்டால் இன்று ராத்திரியே அப்கிரேட் ஆகலாம். போட்ட பிறகு ஷோஹோல்ட் அடித்து, இரண்டு பெயரும் வருகிறதா என்று பாருங்கள்.